6 அடிக்கு 4 அடி பலகையில் ஜார்ஜ்டவுன் லூப்: ஏற்றமும் பாறையும் சரியாக வரவில்லை

கல்மலை_கிருஷ்ணகிரி:
வணக்கம். பழையபேட்டையில் இருக்கிறேன். நாலு வருஷமாக மாடல் ரயில் வைத்திருக்கிறேன், ஆனால் தரையில் வட்டம் போட்டு ஓட்டியதோடு சரி. இப்போதுதான் மாடி அறையில் 6 அடிக்கு 4 அடி பிளைவுட்டை நிரந்தரமாகப் போட வீட்டில் சம்மதம் கிடைத்தது. அதில் கட்ட நினைப்பது கொலராடோ மலையில் இருக்கும் ஜார்ஜ்டவுன் லூப்.

ஜார்ஜ்டவுன், சில்வர் ப்ளூம் என்று இரண்டு வெள்ளிச் சுரங்க ஊர்கள். இடையில் இரண்டே மைல், ஆனால் 640 அடி உயர வித்தியாசம். நேராகப் போட்டால் வண்டி ஏறாது என்பதால் பாதையைக் குறுகின பள்ளத்தாக்குக்குள்ளேயே சுற்றவிட்டு, தன்னையே தாண்டிப் போகிற மாதிரி 95 அடி உயரத்தில், 300 அடி நீளத்தில் ஒரு பாலம் கட்டி 1884-ல் முடித்தார்கள். இரண்டு மைலுக்கு நாலரை மைல் தண்டவாளம்! 1893-ல் வெள்ளி விலை விழுந்தது, அப்புறம் சுரங்கங்கள் அடங்கின, 1939-ல் பாலத்தையே பிரித்துவிட்டார்கள். 1984-ல் அதே இடத்தில் புதிதாகக் கட்டி, இன்றைக்கும் ரயில் ஓடுகிறது.

ஊட்டி ரயிலைக் கட்டலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அதுவும் பிடிக்கும். ஆனால் என் தாத்தா கோலார் தங்கவயலில் சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். லீவுக்குப் போனால் சுரங்கக் குழியின் மேல் நிற்கும் பெரிய சக்கரத்தையும், தங்கம் பிரித்த பிறகு கொட்டின கழிவான சயனைடு மேட்டையும் பார்த்துக்கொண்டே நிற்பேன். அதனாலோ என்னவோ, பாதையோரத்தில் தாதுக்கல் கொட்டுகிற மரத்தொட்டி ஒன்று இருந்தால்தான் எனக்கு அது ரயில்பாதை.

பிரச்சினை இரண்டு. ஹெச்ஓ ஸ்கேலில், அதாவது நிஜத்தில் 87-ல் ஒரு பங்கு அளவில், 45 செ.மீ. ஆரத்தில் அரைவட்டம் போட்டு நூற்றுக்கு நாலு ஏற்றம் கொடுத்தேன். மூன்று பெட்டி மாட்டினால் வளைவின் நடுவில் இன்ஜின் நின்றுவிடுகிறது, சக்கரம் மட்டும் சுற்றுகிறது. நேர்ப்பாதையில் அதே ஏற்றத்தில் அதே மூன்று பெட்டியை இழுக்கிறது. இரண்டாவது, பாறை. நம்ம ஊரில் கிரானைட் துண்டுக்கா பஞ்சம் என்று ஒரு கூடை அள்ளி வந்து ஒட்டினேன். எப்படித் திருப்பி வைத்தாலும் மலை மாதிரி இல்லை, ஒட்டி வைத்த கல் மாதிரியே இருக்கிறது.

ஓசூர்_லேட்பட்டறை:
தம்பி, இன்ஜினில் குறை இல்லை. வளைவில் சக்கர விளிம்பு தண்டவாளத்தை உரசும், அந்த இழுவையே ஒரு ஏற்றத்துக்குச் சமம். 45 செ.மீ. ஆரத்துக்கு நூற்றுக்கு ஒன்றரைக்கு மேலேயே வரும். நீங்கள் நாலு என்று நினைத்துக் கொடுத்தது இன்ஜினுக்கு ஐந்தரைக்கு மேல். வளைவில் ஏற்றத்தைக் குறைத்து நேரில் கூட்டுங்கள், நிஜ ரயிலுக்கும் அப்படித்தான் போடுகிறார்கள். ஒரு முழு வட்டம் சுமார் 283 செ.மீ., நூற்றுக்கு மூன்று கொடுத்தாலே எட்டரை செ.மீ. ஏறிவிடும், கீழே ஒரு வண்டி நுழைந்து போக அது போதும்.

பாலத்தை அளவு மாறாமல் கட்ட ஆசைப்படாதீர்கள். 300 அடி ஹெச்ஓவில் 105 செ.மீ., உங்கள் பலகையில் பாதிக்கு மேல் அதுவே தின்றுவிடும். 60 செ.மீ. வைத்தால் போதும். உயரம் வேண்டுமா, பாலத்துக்குக் கீழே பிளைவுட்டை அறுத்து எடுத்துவிட்டு ஓடையை ஒரு சாண் கீழே இறக்குங்கள். பாதை ஏறவே வேண்டாம், பள்ளம் ஆழமானால் பாலம் தானாக உயர்ந்துவிடும்.

மொரப்பூரான்:
ஓசூர்க்காரர் சொன்னது சரி. நான் கேஜைப் பற்றி, அதாவது இரண்டு தண்டவாளத்துக்கு இடையில் உள்ள அகலத்தைப் பற்றிச் சொல்கிறேன். கொலராடோ பாதை 3 அடி, அதாவது 914 மி.மீ. நீங்கள் ஓட்டுவது 1,435 மி.மீ. ஸ்டாண்டர்டு கேஜ் மாடல். சுரங்க ரயில் அழகே அது குறுகலாக இருப்பதுதான். 9 மி.மீ. தண்டவாளத்தில் 87-ல் ஒரு பங்கு பெட்டி வைத்து ஓட்டிப் பாருங்கள், 25 செ.மீ. ஆரத்திலேயே திரும்பும், அதே பலகையில் இன்னொரு சுற்று கிடைக்கும். அந்த 9 மி.மீ.யை 87-ஆல் பெருக்கினால் நிஜத்தில் 783 மி.மீ. வருகிறது. நம்ம மொரப்பூர்–தருமபுரி ரயில் 762 மி.மீ.! 1906-ல் வந்து, 1913-ல் ஓசூர் வரை நீண்டு, 1941-ல் மூடிய பாதை. உங்கள் ஊருக்கும் 1905-ல் திருப்பத்தூரிலிருந்து அதே கேஜில் ஒரு வண்டி வந்தது. இது தெரிந்த நாளிலிருந்து அந்த 9 மி.மீ. தண்டவாளத்தைக் கையில் எடுத்தால் எனக்கு வேறு மாதிரி இருக்கிறது.

இழுவைக்கு ஷே இன்ஜின் பாருங்கள். வலப்பக்கம் மட்டும் சிலிண்டர்கள் நட்டமாக நிற்கும், அதிலிருந்து ஒரு நீளத் தண்டு போய்ப் பல்சக்கரம் வழியாக எல்லாச் சக்கரத்தையும் சுற்றும். எந்தச் சக்கரமும் சும்மா உருளாது. ஜார்ஜ்டவுனுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கில், 1887-ல் தொடங்கிய கில்பின் டிராம்வே என்கிற 2 அடிப் பாதையில் ஷே இன்ஜின்கள்தான் தங்கத்தாதுவை ஆலைக்கு இறக்கின. தாத்தா தங்கவயல்காரர் என்கிறீர்கள், அதையும் ஒரு தடவை படித்துப் பாருங்கள்.

பென்னாகரம்_கலை:
பாறைக்கு நான் வருகிறேன். கொலுவுக்கு மலை கட்டிக் கட்டிப் பழகினவள். கிரானைட்டில் ஒரு படிகம் 5 மி.மீ. இருந்தால் உங்கள் ஸ்கேலில் அது 43 செ.மீ., கிட்டத்தட்ட ஒரு சோற்றுப்பானை. மலை முழுக்கப் பானை பதித்த மாதிரி இருந்தால் கண் எப்படி நம்பும்? படிகமே தெரியாத கருப்புக்கல் எடுங்கள், குவாரிக் கழிவுக் குவியலில் கிடைக்கும். பொடிப்பொடியாக வெடிப்பு ஓடின முகமாகப் பாருங்கள். கல்லை ஒட்ட வேண்டாம், அச்சு மட்டும் எடுங்கள். சோப்புத் தண்ணீர் தடவி, ரப்பர் பால் ஐந்தாறு பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்த பிறகு அடுத்தது, நடுவில் பழைய வேட்டித் துணி ஒன்றைப் பதித்துவிடுங்கள், இல்லாவிட்டால் உரிக்கும்போது கிழியும். அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி, தயிர் உறைந்த பதத்தில் அச்சோடு மலைச்சரிவில் அழுத்திப் பிடியுங்கள். கையில் சூடு தட்டும், அது ஆறினதும் உரிக்கலாம். நிறத்தைத் தண்ணீராகக் கரைத்து மூன்று நாலு தடவை, கடைசியாக நீர்த்த கருப்பு மை. வெடிப்புக்குள் மை இறங்குகிற அந்த ஒரு நிமிஷம் பாருங்கள், அங்கேதான் கல் மலையாகிறது.

கல்மலை_கிருஷ்ணகிரி:
மூன்று பேருக்கும் நன்றி. ஓசூர் அண்ணா, வளைவில் ஏற்றத்தை இரண்டரையாக்கினேன், மூன்று பெட்டியோடு ஏறிவிட்டது. மொரப்பூர் ஐயா, உங்கள் பதிலை அப்பாவுக்குப் படித்துக் காட்டினேன், திருப்பத்தூர் வண்டியைப் பற்றித் தாத்தா சொல்லியிருக்கிறார் என்றார். 9 மி.மீ.க்கு மாறிவிடுகிறேன். கலை அக்கா, ஞாயிற்றுக்கிழமை கல் பொறுக்கப் போகிறேன். ரப்பர் பாலை வெயிலில் காய வைக்கலாமா, நிழலில்தானா?

பென்னாகரம்_கலை:
நிழலில். வெயிலில் மேலே மட்டும் தோல் கட்டி உள்ளே ஈரமாகவே நின்றுவிடும்.