சுவரில் எழுதிய விழுமியமும் ஷிப்டில் நடப்பதும்

மனிதவளப் பிரிவு:
சுவரில் எழுதிய விழுமியம் வேலையில் நிஜமாக நடக்கிறதா என்று அறியத்தான் ஊழியர்களிடம் சர்வே எடுக்கிறோம். பணிவாழ்க்கைத் தரத்துக்கு, அதாவது வேலை செய்பவரின் அனுபவம் எவ்வளவு நன்றாக இருக்கிறது என்பதற்கு, மேலாண்மை ஆய்வாளர் ரிச்சர்ட் வால்டன் 1973-இல் எட்டுக் கூறுகள் சொன்னார். அவற்றில் ஊதியத்தையும் பாதுகாப்புச் சாதனங்களையும் நிர்வாகம் ஓர் உத்தரவில் மாற்றிவிடலாம். சக ஊழியர்களோடு ஒட்டுறவு, மறுத்துப் பேசும் உரிமை இரண்டும் உத்தரவு போட்டு வராது. அவை குழுவுக்குக் குழு மாறும். அதனால்தான் சர்வே மதிப்பெண்ணுக்கு நிறுவனம் முழுமைக்கும் ஒரே சராசரி எடுப்பது பெரிய தப்பு. ஆள் எண்ணிக்கை சமமாக உள்ள இரு குழுக்களில் ஒன்று 5-க்கு 4.6, இன்னொன்று 3.0 என்றால் சராசரி 3.8. அறிக்கையில் எல்லாம் நலமாகத் தெரியும். இரண்டாவது குழு புழுங்கிக்கொண்டிருக்கும். குழுவாரியாகப் பிரியுங்கள். ஆனால் 5 பேருக்குக் குறைவான குழுவின் முடிவைத் தனியாக வெளியிட வேண்டாம். வயது, பிரிவு, பணி அனுபவம் மூன்றையும் சேர்த்துக் கேட்டாலும் எழுதியவர் யாரென்று தெரிந்துவிடும். அப்புறம் யாரும் உண்மை எழுத மாட்டார்கள்.

உற்பத்தித் தள மேற்பார்வை:
நீங்கள் சொன்ன ‘மறுத்துப் பேசும் உரிமை’ சோதனைக்கு வருவது, ஆபத்து என்று இயந்திரத்தை ஒருவர் நிறுத்தும்போதுதான். சுவரில் ‘பாதுகாப்பே முதல்’ என்று இருக்கும். மேற்பார்வையாளர் வந்ததும் “எத்தனை பீஸ் போச்சு?” என்று கேட்டால், அந்த ஷிப்டில் இனி ஒருவரும் நிறுத்த மாட்டார்கள். முதல் கேள்வி “என்ன பார்த்தீங்க?” என்று இருக்க வேண்டும். அதோடு, நின்ற நேரத்தை அன்றைய இலக்கிலிருந்து கழிக்க வேண்டும். 480 நிமிட ஷிப்டில் 40 நிமிடம் நின்றால் இலக்கு பன்னிரண்டில் ஒரு பங்கு குறைய வேண்டும். இலக்கை அப்படியே வைத்துக்கொண்டு ‘தயங்காமல் நிறுத்துங்கள்’ என்பது தொழிலாளியை ஏமாற்றுவது. இதில் எனக்குச் சமரசமே இல்லை.

பயிற்சியாளர்:
விழுமியத்தை நடத்தையாக எழுதினால்தான் பிடிபடும். ‘ஒருவரையொருவர் மதிப்போம்’ என்றால் எதுவும் புரியாது. ‘ஷிப்ட் அட்டவணை 14 நாள் முன்பே வரும், மாற்ற வேண்டுமானால் உரியவரைக் கேட்டு மாற்றுவோம்’ என்றால் மீறல் உடனே கண்ணில் படும். நெருக்கடி வந்தால் இந்த விழுமியத்துக்காக எதை விட்டுக்கொடுப்போம் என்றும் ஒரு வரி எழுதுங்கள். அந்த வரி எழுத வராவிட்டால் அது வெறும் வாசகம்.

பயமில்லாமல் பேச முடிகிறதா என்று அளக்க ஆய்வாளர் ஏமி எட்மண்ட்சன் 1999-இல் தந்த ஏழு கேள்விகள் போதும். ஒன்றில் கவனம்: மூன்று கேள்விகள் எதிர்மறையானவை, அவற்றில் அதிக மதிப்பெண் என்றால் நிலைமை மோசம் என்று பொருள். 7 புள்ளி அளவுகோலில் அவற்றின் விடையை 8-இலிருந்து கழிக்காமல் கூட்டினால் நல்ல குழுவும் மோசமாகத் தெரியும்.

மனிதவளப் பிரிவு:
ஆம், அந்தப் பிழை அடிக்கடி நடக்கிறது. இன்னொன்று: முடிவுகளை மேலிடத்துக்கு அனுப்பிவிட்டுக் குழுவுக்குக் காட்டாமல் விடுவது. மூன்று வாரத்துக்குள் குழுவோடு உட்கார்ந்து, ஒரே ஒரு விஷயத்தை அவர்களையே தேர்ந்தெடுக்கச் சொல்லி, பொறுப்பாளர் பெயரும் தேதியும் எழுதுங்கள். இதைச் செய்ய முடியாத காலாண்டில் சர்வேயே நடத்த வேண்டாம்.