நிலப் பயன்பாட்டுத் திட்டத்தில் பள்ளிக் கொள்ளளவு விதியைத் திருத்துவது எப்படி?

வரைவுக்குழு (கேள்வி)

வணக்கம். எங்கள் உள்ளாட்சியின் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தைத் திருத்தும் குழுவில் பொதுமக்கள் தரப்பு உறுப்பினராக இருக்கிறேன். அத்திட்டத்தில் பள்ளிகளைப் பற்றிய பகுதி பல ஆண்டுகளாகத் தொடப்படாமல் கிடக்கிறது. அதில் இருப்பவை இரண்டே விதிகள். குறிப்பிட்ட மக்கள்தொகைக்கு ஒரு தொடக்கப்பள்ளி என்ற கணக்கில் மனை ஒதுக்க வேண்டும் என்பது ஒன்று. பகுதிப் பள்ளி கொள்ளளவைத் தாண்டியிருந்தால் அங்கே புதிய குடியிருப்புத் திட்டத்துக்கு அனுமதி தரலாகாது என்பது மற்றொன்று. கொள்ளளவு என்றால் என்ன, அதைக் கணக்கிட வேண்டியவர் யார், எந்த ஆண்டின் மாணவர் எண்ணிக்கையோடு அதை ஒப்பிட வேண்டும் என்பதெல்லாம் எங்கும் சொல்லப்படவில்லை. கல்வித் துறை ஓர் எண்ணைத் தருகிறது, திட்டப் பிரிவு வேறோர் எண்ணை வைத்திருக்கிறது, கட்டுமான நிறுவனங்களின் ஆலோசகர்கள் மூன்றாவது எண்ணோடு வருகிறார்கள்.

வரம்பை 100 விழுக்காட்டிலிருந்து 110 அல்லது 120 விழுக்காடாக உயர்த்தினால் போதும் என்று குழுவில் பெரும்பாலோர் கருதுகிறார்கள். எனக்கு அதில் தயக்கம் இருக்கிறது. இப்பணியில் அனுபவம் உள்ளவர்கள் எதை முதலில் திருத்துவார்கள்?

நகரமைப்பாளர்

உங்கள் தயக்கம் சரியானது. வரம்பு என்பது ஒரு பின்னம். அதன் கீழே இருக்கும் எண் எது என்று முடிவாகாத வரையில் 100 என்றாலும் 120 என்றாலும் பொருள் ஒன்றுதான். எனவே முதலில் திருத்த வேண்டியது கொள்ளளவுக்கான வரையறை.

ஓர் எடுத்துக்காட்டைப் பாருங்கள். ஒரு தொடக்கப்பள்ளியில் 20 அறைகள் உள்ளன. அறைக்கு 30 மாணவர் என்று கட்டடம் கட்டியபோது கணக்கிட்டார்கள், கொள்ளளவு 600. பின்னர் இரண்டு அறைகள் சிறப்புக் கவனம் தேவைப்படும் குழந்தைகளுக்கு, அறைக்குப் பத்துப் பேர் வீதம், ஒதுக்கப்பட்டன. ஓர் அறை கணினிக்கூடமாயிற்று. கொள்ளளவு 530 ஆகிவிட்டது. அதன்பின் வகுப்புக்கு 25 பேருக்கு மேல் இருக்கக்கூடாது என்று அரசு ஆணையிட்டால் அதே கட்டடத்தின் கொள்ளளவு 445. ஒரு செங்கல்கூட இடம் மாறவில்லை. அங்கே 500 மாணவர்கள் படிக்கிறார்கள் என்றால் முதல் கணக்கில் பள்ளி 83 விழுக்காடு நிரம்பியிருக்கிறது, இரண்டாவதில் 94 விழுக்காடு, மூன்றாவதில் 112 விழுக்காடு. உங்கள் மூன்று தரப்புகளும் பொய் சொல்லவில்லை. மூன்று வெவ்வேறு ஆண்டுகளின் பள்ளியைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இது வெறும் கற்பனையும் அன்று. ஃபுளோரிடா மாநிலத்தில் 2002இல் வாக்காளர்கள் ஏற்ற அரசமைப்புத் திருத்தம் மூன்றாம் வகுப்பு வரை 18 பேர், நான்கு முதல் எட்டு வரை 22 பேர், அதற்கு மேல் 25 பேர் என்று வகுப்புக்கு உச்ச வரம்பு வைத்தது. அத்தகைய முடிவுகள் கல்வித் தரத்துக்காக எடுக்கப்படுபவை. ஆனால் அவற்றின் எதிரொலி நில அனுமதிக் கோப்பில் கேட்கும். அரைநாள் மழலையர் வகுப்பு முழுநாளாக மாறும்போதும் இதுவே நடக்கிறது. காலையில் ஒரு குழுவும் மாலையில் ஒரு குழுவும் பயன்படுத்திய அறையை இனி ஒரு குழு மட்டுமே பயன்படுத்த முடியும். அந்த அறையின் கொள்ளளவு ஒரே நாளில் பாதியாகிறது.

ஆகவே விதியில் நிலையான எண்ணை எழுதாதீர்கள். கணக்கிடும் முறையை எழுதுங்கள்: கற்பித்தலுக்கு உண்மையில் பயன்படும் அறைகள், ஒவ்வொரு வகை அறைக்கும் நடப்பில் உள்ள வகுப்பு அளவு, இவற்றின் பெருக்கல். மேல்நிலைப் பள்ளிகளுக்கு ஒரு பயன்பாட்டுக் காரணியையும் சேர்க்க வேண்டும், ஏனெனில் பாடத்துக்கேற்ப மாணவர்கள் அறை மாறும் பள்ளியில் ஒவ்வொரு பாடவேளையிலும் எல்லா அறைகளையும் நிரப்ப இயலாது. 30 அறைகளும் அறைக்கு 30 பேரும் உள்ள பள்ளியை 900 என்று எண்ணுவது தாளில் மட்டுமே சரி. 85 விழுக்காட்டுப் பயன்பாடு என்று கொண்டால் அது 765. தற்காலிகக் கொட்டகை வகுப்பறைகளைக் கொள்ளளவில் சேர்க்கக்கூடாது என்பது என் உறுதியான கருத்து. சேர்த்துவிட்டால், நெரிசலைச் சமாளிக்க வைத்த கொட்டகையே நெரிசல் இல்லை என்பதற்குச் சான்றாகிவிடும்.

மக்கள்தொகைக்கு ஒரு பள்ளி என்ற உங்கள் முதல் விதியைப் பற்றியும் ஒரு சொல். ஒரு தொடக்கப்பள்ளியை நடுவில் வைத்து, அதைத் தாங்கும் அளவு மக்கள் சுற்றிலும் வாழும் அலகாகக் குடியிருப்புப் பகுதியை அமெரிக்கத் திட்டமிடலாளர் கிளாரன்ஸ் பெர்ரி 1929இல் வகுத்துக் காட்டினார். அந்த எண்ணத்தின் வழித்தோன்றல்களைப் பல நாடுகளின் வழிகாட்டிகளில் காணலாம். இந்திய நகர்ப்புறத் திட்டமிடல் வழிகாட்டியில் 5,000 மக்களுக்கு 500 மாணவர் கொண்ட ஒரு தொடக்கப்பள்ளி என்று இருக்கிறது. ஐந்து வகுப்புகளில் மக்கள்தொகையின் பத்தில் ஒரு பங்கு என்றால், ஒவ்வொரு வயதிலும் 2 விழுக்காடு குழந்தைகள் இருக்க வேண்டும். பிறப்பு விகிதம் குறைந்த ஊரில் அந்தக் குழந்தைகள் இல்லை. இளம் குடும்பங்கள் குவியும் புறநகரில் அதைவிட அதிகம். இத்தகைய விகிதம் மனை ஒதுக்குவதற்கான தொடக்கக் கணக்காக மட்டுமே இருக்கலாம். அனுமதி மறுக்க அதைப் பயன்படுத்துவது முறையாகாது.

பள்ளி நிர்வாகி

மேலே உள்ள பதிலுடன் ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். நெரிசல் முதலில் தெரிவது வகுப்பறையில் அன்று. கழிவறையிலும், உணவுக்கூடத்திலும், மாடிப்படியிலும், பள்ளி விடும் நேரத்தில் வாயிலிலும்தான். 600 பேருக்கு அமைத்த கழிவறைகளோடு நான்கு வகுப்பறைகளைக் கூடுதலாகக் கட்டிவிட்டு, கொள்ளளவு 720 ஆகிவிட்டது என்று கோப்பில் எழுதுவது எளிது. பொது வசதிகளின் கொள்ளளவைத் தனியாகக் கணக்கிட்டு, இரண்டில் எது குறைவோ அதையே பள்ளியின் கொள்ளளவாகக் கொள்ளும்படி விதியை அமையுங்கள். இதைக் கேட்டதும் நிதிப் பிரிவினர் முகம் சுளிப்பார்கள். அதற்காக விட்டுவிட வேண்டாம்.

குடியிருப்போர் தரப்பு

வரையறைகள் எல்லாம் சரி. ஆனால் வரம்பைத் தாண்டினால் அனுமதி இல்லை என்ற விதியை மட்டும் மென்மையாக்கிவிடாதீர்கள். பள்ளி வேண்டும் என்று ஆண்டுக்கணக்கில் மனு கொடுத்தும் அசையாத நிர்வாகம், ஒரு பெரிய குடியிருப்புத் திட்டம் தடைபட்டவுடன் அசைகிறது என்பதே நடைமுறை. பல் இல்லாத விதியை யாரும் மதிப்பதில்லை. கட்டுமான நிறுவனங்கள் கட்டணம் செலுத்திவிட்டு வீடு கட்டலாம் என்று திறந்துவிட்டால் பணம் கருவூலத்துக்குப் போகும், குழந்தைகள் கொட்டகைக்குப் போவார்கள்.

புள்ளிவிவரம்

குடியிருப்போர் தரப்பின் கவலை நியாயமானது. கட்டணம் எந்தப் பள்ளிக்கு, எத்தனை ஆண்டுக்குள் செலவிடப்பட வேண்டும் என்று விதியிலேயே வரையறுக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் தடை தன் நோக்கத்தை நிறைவேற்றுகிறதா என்பதைத் தரவுகளை வைத்தே பார்க்க வேண்டும்.

அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் உள்ள மான்ட்கோமரி கவுன்டியில் (மாவட்டம் போன்ற உள்ளாட்சி) 1973 முதலே போதிய பொது வசதி இருந்தால்தான் அனுமதி என்ற சட்டம் இருக்கிறது. ஒரு பள்ளித் தொகுதியின் எதிர்கால நிரப்பு விகிதம் 120 விழுக்காட்டைத் தாண்டினால் அங்கே புதிய குடியிருப்புகளுக்குத் தானாகவே தடை விழும் என்ற ஏற்பாடு பின்னர் அதில் அமைந்தது. 2020இல் அந்தத் தானியங்கித் தடையைக் கைவிட்டார்கள். அதற்கு முன் நடந்த ஆய்வில் தெரிந்தது இதுதான்: மாணவர் பெருக்கத்தில் பெரும் பகுதி புதிய கட்டடங்களிலிருந்து வரவில்லை, பிள்ளைகள் வளர்ந்துவிட்ட முதியவர்கள் தங்கள் பழைய வீடுகளை விற்க, பள்ளி வயதுக் குழந்தைகளோடு குடும்பங்கள் அங்கே குடியேறுவதால் வந்தது. பழைய வீட்டின் விற்பனைக்கு யாரும் அனுமதி கேட்பதில்லை. எனவே தடை விழுந்த பிறகும் பள்ளிகள் நிரம்பிக்கொண்டே இருந்தன. வீடுகள் மட்டும் கட்டப்படவில்லை. இப்போது அங்கே 105, 120, 135 விழுக்காடு என்று மூன்று படிகளில் கூடுதல் கட்டணம் உயர்கிறது.

அந்தத் திருத்தத்தில் என்னைக் கவர்ந்தது வேறொரு சிறு நுணுக்கம். விழுக்காட்டோடு, எத்தனை மாணவருக்கு இடமில்லை என்ற எண்ணிக்கையையும் சேர்த்தே படியை முடிவு செய்கிறார்கள். 200 பேருக்கு இடமுள்ள பள்ளியில் 120 விழுக்காடு என்றால் இடமில்லாதவர்கள் 40 குழந்தைகள். இரண்டு வகுப்பறைகள் போதும். 1,500 பேருக்கு இடமுள்ள பள்ளியில் 110 விழுக்காடு என்றாலே 150 பேர். விழுக்காட்டை மட்டும் பார்க்கும் விதி முதல் பள்ளியைக் கண்டு அலறும், இரண்டாவதைக் கண்டுகொள்ளாது.

சட்ட அதிகாரத்தையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். ஃபுளோரிடா 2005இல் பள்ளி இடம் உண்டா என்ற சோதனையை உள்ளாட்சிகளுக்குக் கட்டாயமாக்கியது. 2011இல் அதை விருப்பத் தெரிவாக மாற்றியது. கலிஃபோர்னியாவிலோ 1998இல் வந்த சட்டத்தின்படி, பள்ளி வசதி போதவில்லை என்ற காரணத்தைக் காட்டி உள்ளாட்சி அனுமதி மறுக்க முடியாது. சட்டம் நிர்ணயித்த கட்டணமே முழுத் தீர்வாகக் கொள்ளப்படும். உங்கள் மாநிலச் சட்டம் இடம் தராத தடையை எழுதி வைத்தால் முதல் வழக்கிலேயே அது விழுந்துவிடும்.

வரைவுக்குழு

அனைவருக்கும் நன்றி. வரையறையை முதலில் எடுத்துக்கொள்ளக் குழுவை வேண்டப் போகிறேன். இரண்டு ஐயங்கள் மிச்சம் இருக்கின்றன. எதிர்கால மாணவர் எண்ணிக்கையை எப்படிக் கணக்கிடுவது? பக்கத்துப் பள்ளியில் இடம் இருந்தால் அதையும் கணக்கில் கொள்ளலாமா?

புள்ளிவிவரம்

கல்வித் துறைகள் வழக்கமாகக் கையாளும் முறை எளிது. சென்ற ஆண்டு மூன்றாம் வகுப்பில் இருந்தவர்களோடு இந்த ஆண்டு நான்காம் வகுப்பில் இருப்பவர்களை ஒப்பிட்டு ஒரு விகிதம் எடுக்கிறார்கள். அதை வகுப்பு வகுப்பாக முன்னே நகர்த்துகிறார்கள். முதல் வகுப்புக்குப் பிறப்புப் பதிவுகளைப் பயன்படுத்துகிறார்கள். புதிய குடியிருப்புகளுக்கு, வீட்டு வகைக்கு இத்தனை மாணவர் என்ற விகிதத்தைத் தனியே சேர்க்கிறார்கள். இங்கே ஒரு பொறி இருக்கிறது. கடந்த ஆண்டுகளில் புதிய வீடுகளுக்குக் குடிவந்த குழந்தைகள் அந்த வகுப்பு விகிதத்துக்குள் ஏற்கெனவே அடங்கியிருக்கிறார்கள். வழக்கமான வேகத்தில் நடக்கும் கட்டுமானத்தை மறுபடியும் கூட்டினால் அதே குழந்தைகளை இருமுறை எண்ணியதாகும். வழக்கத்தை மிஞ்சிய வளர்ச்சியை மட்டுமே கூட்ட வேண்டும்.

வீட்டு வகை விகிதத்தை வேறோர் ஊரிலிருந்து கடன் வாங்காதீர்கள். உயர்ந்த அடுக்குமாடிகளில் சிறிய வீடுகளே மிகுதி என்பதால் தனி வீடுகளைவிட அங்கே வீட்டுக்கு வரும் மாணவர் பொதுவாகக் குறைவு. ஆனால் எவ்வளவு குறைவு என்பது வாடகையையும் அறைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. மாணவர் முகவரிகளை வீட்டுப் பதிவேட்டோடு பொருத்திப் பார்த்தால் உங்கள் ஊருக்குரிய விகிதம் கிடைத்துவிடும். தனிநபர் விவரம் வெளியாகாமல் தொகுத்த எண்களாகக் கேளுங்கள்.

நகரமைப்பாளர்

பக்கத்துப் பள்ளியைப் பற்றி: கணக்கில் கொள்ளலாம், ஆனால் நிபந்தனையோடு. ஃபுளோரிடா முறையில், ஒட்டியுள்ள பள்ளி எல்லையில் (ஒரு பள்ளிக்கென வகுத்த குடியிருப்புப் பகுதியில்) இடம் இருந்தால் அதுவும் எண்ணப்படும். மூன்றாண்டுகளுக்குள் கட்டுமானம் நடைபெறும் பள்ளியும் எண்ணப்படும். உங்கள் விதியில் நடைதூரத்தையும், இடையே கடக்க வேண்டிய பெருஞ்சாலை, இருப்புப்பாதை போன்றவற்றையும் சேருங்கள். வரைபடத்தில் ஒட்டியிருக்கும் பள்ளிக்கு ஏழு வயதுக் குழந்தை நடந்து போக முடியாமல் இருக்கலாம். மேலும், பள்ளி எல்லையை மாற்றும் அதிகாரம் திட்டப் பிரிவிடம் இல்லை. அது கல்வித் துறையிடம் இருக்கிறது. அவர்கள் எல்லையை மாற்ற ஒப்பாத வரையில் பக்கத்துப் பள்ளியின் காலி இடம் உங்களுக்குப் பயன்படாது.

ஆகவே திட்டத்தோடு சேர்த்து, இரு துறைகளும் கையொப்பமிடும் ஓர் உடன்படிக்கையையும் வரையுங்கள். கொள்ளளவுப் பட்டியலைக் கல்வித் துறை ஆண்டுதோறும் ஒரு குறித்த தேதிக்குள் வெளியிட வேண்டும். அடுத்த பட்டியல் வரும்வரை எல்லாக் கோப்புகளுக்கும் அதுவே செல்லும். அனுமதி வழங்கிய ஒவ்வொரு குடியிருப்புத் திட்டத்தின் வீட்டு எண்ணிக்கையையும் திட்டப் பிரிவு கல்வித் துறைக்கு அனுப்ப வேண்டும். கணக்கிடும் முறை திட்டத்தில் இருக்கட்டும், எண்கள் ஆண்டுப் பட்டியலில் இருக்கட்டும். அப்படி அமைத்தால் வகுப்பு அளவு மாறும்போதெல்லாம் நிலப் பயன்பாட்டுத் திட்டத்தையே திருத்த வேண்டியிராது. உடன்படிக்கையின் முதல் வரைவைக் கல்வித் துறையிடமே கேட்டுப் பெறுவது நல்லது. திட்டப் பிரிவு எழுதி அனுப்பும் வரைவு பெரும்பாலும் அங்கே ஒரு மேசையில் தூங்கிவிடும்.