ரீலோடிங் பிரஸ்ஸை இந்தியாவுக்கு அனுப்பலாமா?

கேள்வி: டெக்சஸிலிருந்து சென்னைக்குக் குடிபெயர்கிறோம். தோட்டா ரீலோடிங் பிரஸ் (சுட்ட தோட்டா உறையை மீண்டும் நிரப்பும் கருவி), அதன் டைகளை (அச்சுகள்) மட்டும் கன்டெய்னரில் போடலாமா? பவுடர் (வெடிமருந்து), பிரைமர் (அதைப் பற்றவைக்கும் சிறு மூடி) கிடையாது.

பதில் 1: வேண்டாங்க. 1959 ஆயுதச் சட்டம், பிரிவு 2(1)(பி)-யில் தோட்டாவின் பாகங்களும் அதைத் தயாரிக்கும் இயந்திரமும் ‘அம்யூனிஷன்’ (தோட்டா வகை)தான். இறக்குமதிக்குப் பிரிவு 10-ன்படி உரிமம் தேவை. உரிமமின்றித் தயாரித்தால் 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள்.

பதில் 2: சூட்கேஸ் மடிப்பில் சுட்ட தோட்டாவின் காலி உறை கிடக்கிறதா என்றும் பாருங்கள். ஏர்போர்ட் ஸ்கேனரில் பலர் மாட்டுவது அதில்தான்.

கேட்டவர்: அப்போ அங்கேயே விற்றுவிடலாமா?

பதில் 1: பிரஸ் விற்க அமெரிக்க மத்திய அரசின் உரிமம் வேண்டாம். தோட்டா செய்து விற்கத்தான் வகை 6 உரிமம். மிச்சப் பவுடர் இருந்தால் வேறு டப்பாவுக்கு மாற்றாதீர்கள். ரகம் குழம்பினால் அழுத்தம் எகிறித் துப்பாக்கியே வெடிக்கும்.