பெர்கன் 4 இரவு: ஒரே நாளில் ஃப்லோம் சுற்று, மிர்டாலில் வண்டி தவறினால் என்ன செய்வது?

தேன்சிட்டு:
ஜூன் இரண்டாம் வாரம் சனி மாலை நார்வேயின் பெர்கனில் இறங்கி, புதன் காலை விமானம். பெரியவர்கள் இருவர், 7 வயதுப் பையன். திங்கள்கிழமைக்குப் போட்டிருக்கும் திட்டம்: பெர்கனிலிருந்து வோஸ் வரை ரயில், அங்கிருந்து குட்வாங்கனுக்கு பஸ், குட்வாங்கன் – ஃப்லோம் படகு, ஃப்லோமிலிருந்து மலை ரயிலில் மிர்டால், கடைசியில் மிர்டால் – பெர்கன் ரயில்.

சிக்கல் மிர்டாலில். வண்டி மாற 14 நிமிடம்தான் இருக்கிறது. அதை விட்டால் அடுத்த பெர்கன் வண்டிக்கு மூன்று மணி நேரம். தொகுப்புப் பயணமாக வாங்காமல் டிக்கெட்டுகளைத் தனித்தனியே எடுப்பதாக இருக்கிறேன். இது தாங்குமா? மழை பெய்தால் இந்த நாளைத் தள்ளிப்போட வேண்டுமா?

நங்கூரம்:
வழி சரி, திசைதான் தப்பு. அப்படியே திருப்பிப் போடுங்க: காலையில் பெர்கன் – மிர்டால் (சுமார் 2 மணி நேரம்), மலை ரயிலில் ஃப்லோமுக்கு இறக்கம் (ஒரு மணி நேரம்), படகில் குட்வாங்கன் (2 மணி நேரம்), பஸ்ஸில் வோஸ், வோஸிலிருந்து பெர்கன் (ஒண்ணேகால் மணி நேரம்).

காரணம் இதுதான். மிர்டால் 867 மீட்டர் உயரத்தில் இருக்கும் ரயில் நிலையம், அங்கே கார் போகும் சாலையே கிடையாது. சாயங்காலம் வண்டி தவறினால் டாக்ஸி பிடித்துத் தப்பிக்க முடியாது, பையனோடு குளிரில் உட்கார வேண்டியதுதான். வோஸ் அப்படி இல்லை, ஊர். பெர்கனுக்கு ரயில்களும் கூடுதல், ஒன்று போனால் கடையில் எதையாவது சாப்பிட்டுவிட்டு அடுத்ததில் ஏறலாம். மிர்டாலைக் காலையிலேயே தாண்டிவிட்டால், அங்கே இணைப்பு தவறினாலும் கையில் பகல் மிச்சம் இருக்கும். இரண்டு வண்டிகளும் பக்கத்துப் பக்கத்து நடைமேடைதான். பெர்கன் வண்டி நேரத்துக்கு வந்தால் 14 நிமிடம் தாராளம்.

டிக்கெட் எடுக்கும் வரிசையும் முக்கியம். முதலில் படகு, அடுத்து ஃப்லோம் மலை ரயில். கோடையில் இந்த இரண்டும்தான் முதலில் தீரும். அந்த நேரங்களுக்குப் பொருத்தமாக மற்ற ரயிலையும் பஸ்ஸையும் எடுங்க. பலர் மலிவான ரயில் டிக்கெட்டை முதலில் வாங்கிவிட்டு, படகில் இடமில்லாமல் முழிப்பார்கள். தொகுப்பில் போனாலும் ஏறுவது இதே ரயில், இதே படகுதான். தனியாக வாங்கினால் ஒரு வண்டி தாமதமாகி அடுத்தது போய்விட்டால் அந்தச் செலவு உங்கள் தலையில். அதனால் படகுக்கு முன்னால் ஃப்லோமில் குறைந்தது ஒரு மணி நேரம் விடுங்க.

மேல்காற்று:
நங்கூரம் சொன்ன திசைக்கே என் ஓட்டும். ஒன்று சேர்க்கணும்: கோடையில் பெர்கன் ரயில் பாதையில் பராமரிப்பு வேலைக்காகச் சில நாட்கள் வண்டியை நிறுத்திவிட்டு மாற்று பஸ் விடுவார்கள். உங்கள் தேதிக்கு ரயிலே காட்டவில்லை என்றால் டிக்கெட் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதீங்க, பாதை மூடலா என்று பாருங்க. மூடல் என்றால் பெர்கனிலிருந்து ஃப்லோமுக்கு நேர் பஸ் (சுமார் 3 மணி நேரம்). அங்கிருந்து மலை ரயில் ஓடினால் மேலே போய்த் திரும்பி வாங்க, பிறகு படகு. மலை ரயில் மொத்தமே 20 கி.மீ., ஏறும்போதும் இறங்கும்போதும் அதே காட்சிதான், நஷ்டம் ஒன்றும் இல்லை.

மழைக்காகத் தள்ளிப்போடாதீங்க. பெர்கனில் வருடத்துக்கு 2,000 மி.மீ.க்கு மேல் பெய்கிறது, மழை பார்த்து நாள் குறித்தால் கிளம்பவே மாட்டீங்க. படகு போகும் நேரோய் ஃபியோர்டு (மலைகளுக்கு நடுவே நுழையும் குறுகிய கடல்) மழையில் இன்னும் அழகு, பாறைச் சுவரெங்கும் அருவிகள் இறங்கும். நனைந்தால்தான் தொல்லை. குடை வேண்டாம், காற்று ஒரே நாளில் பிரட்டிவிடும். தொப்பி வைத்த மழைச்சட்டை, மழைக்கால்சட்டை, நனையாத காலணி, உள்ளே மெல்லிய கம்பளிச் சட்டை. ஜூனிலும் பகல் வெப்பம் பெரும்பாலும் 10–17 டிகிரிதான், படகின் மேல்தளத்தில் காற்று வேறு. பையனுக்கு ஒரு ஜோடி காலுறை கூடுதலாக வைங்க. வானிலைக்கு நார்வே வானிலைத் துறையின் 'இர்' செயலியில் மணிவாரி முன்னறிவிப்பைப் பார்த்தால் போதும், ஐந்து நாள் முன்னறிவிப்பை நம்பிப் பயனில்லை.

தேன்சிட்டு:
திருப்பிப் போட்டுவிட்டேன், படகுக்கு முன்னால் 1 மணி 20 நிமிடம் கிடைக்கிறது. நன்றி! ஞாயிறு ஊருக்குள்ளேதான். ஃப்ளோயன் மலைக்குப் பதினோரு மணிக்குப் போகலாமா? சமையல் செய்யும் வசதி உள்ள வீடு எடுத்திருக்கிறோம். ஊரிலிருந்து நெய், பால்கோவா, பருப்பு எடுத்து வரலாமா?

நங்கூரம்:
பதினோரு மணி வேண்டாம். சுற்றுலாக் கப்பல் நிற்கும் நாளில் அந்த நேரத்தில்தான் மொத்தக் கூட்டமும் மலைக்கு ஏறும் கயிற்று ரயில் வாசலில் நிற்கும். ஜூனில் சூரியன் மறையவே இரவு 11 தாண்டும், அதனால் சாப்பிட்டுவிட்டு ஏழு, எட்டு மணிக்கு ஏறுங்க. ரயில் போய் நிற்கும் இடம் 320 மீட்டர் உயரம், மேலே பிள்ளைகள் விளையாடுமிடம் இருக்கிறது, ஆடுகள் சுற்றும். ஏறுவதற்கு மட்டும் டிக்கெட் எடுத்து நடந்து இறங்குங்க, 3 கி.மீ., சரிவான நல்ல பாதை.

பகலில் பிரிக்கன், துறைமுகக் கரையிலுள்ள பழைய மர வீடுகளின் வரிசை. முகப்பு வரிசையைப் படம் எடுத்துவிட்டுத் திரும்பிவிடாதீங்க, வீடுகளுக்கு இடையிலுள்ள மரச் சந்துகளுக்குள் போங்க. 1702 தீயில் எரிந்த பிறகு பழைய அமைப்பிலேயே மீண்டும் கட்டிய இடம், 1979 முதல் யுனெஸ்கோ பட்டியலில் இருக்கிறது. மீன் சந்தையைப் பார்க்கலாம், சாப்பிட்டால் விலை கடிக்கும்.

மேல்காற்று:
பருப்பு சரி. நெய்யும் பால்கோவாவும் கூடாது: ஐரோப்பியப் பொருளாதாரப் பகுதிக்கு வெளியிலிருந்து பால், இறைச்சிப் பொருள்கள் கொண்டுவரத் தடை. வெண்ணெயும் தயிரும் அங்கேயே கிடைக்கும், நெய்யை வீட்டிலேயே உருக்கிக்கலாம். ஞாயிறு பெரிய கடைகள் மூடியிருக்கும், ஆகவே சனி இரவே ரேமா அல்லது கிவி கடையில் வாங்கிவிடுங்க. தண்ணீர் பாட்டில் வாங்காதீங்க, குழாய்த் தண்ணீரே குடிக்கலாம்.

விமான நிலையத்திலிருந்து டிராம் 1ஆம் எண், கடைசி நிறுத்தம் நகர மையத்திலுள்ள பீபார்க்கன், 45 நிமிடம். வண்டிக்குள் டிக்கெட் கிடையாது, ஏறும் முன்னே செயலியிலோ இயந்திரத்திலோ எடுங்க. தடுப்புக் கதவு இல்லையே என்று ஏறிவிட்டால், பரிசோதகர் வந்தால் அபராதம். புதன் காலை விமானம் என்றால் முதல் டிராம் நேரத்தை இப்போதே பாருங்க, பொருந்தாவிட்டால் விமான நிலைய பஸ் இன்னும் வேகம், விலைதான் கூட.