மறு: நிலம் வாங்கும் நிதி – தூத்துக்குடி மாநாட்டில் கேட்டதும், ஊரில் பார்த்ததும்

அனுப்புநர்: மஸ்கட், கீழத்தெரு

தலைவர் அண்ணாச்சிக்கும் சொந்தங்கள் அனைவருக்கும் வணக்கம்.

தலைக்கு 25,000 ரூபாய் போட்டு ஊர்ப் பக்கம் நிலம் வாங்கிப் போட்டு, பிறகு விற்று லாபம் பார்க்கலாம் என்று நம் ஊர்ச் சங்கத்திலிருந்து வந்த மடலுக்குத்தான் இந்தப் பதில். "ஆகஸ்ட் 4 மாநாட்டுக்குப் பிறகு நம் கரிசலை யாரும் ஏளனமாகப் பார்க்க முடியாது, இப்போது விட்டால் பிறகு கிடைக்காது" என்று துபாய் சித்தப்பா எழுதியிருந்தார். அந்த மாநாட்டில் நானும் உட்கார்ந்திருந்தேன். விடுமுறைக்கு வந்த இடத்தில், பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்த ஒருவர் தன் லேத் பட்டறைக்கு வந்த அழைப்பின் பேரில் கூட அழைத்துப் போனார். கேட்டதைக் கேட்டபடி எழுதுகிறேன்.

2025 ஆகஸ்ட் 4 அன்று காலை சில்லாநத்தம் சிப்காட்டில் வின்ஃபாஸ்ட் கார் தொழிற்சாலையை முதலமைச்சர் திறந்துவைத்தார். அதே நாளில் முதலீட்டாளர் மாநாடு. 41 புரிந்துணர்வு ஒப்பந்தங்கள், 32,554 கோடி ரூபாய் முதலீடு, 49,845 வேலைவாய்ப்பு என்று அறிவித்தார்கள். மேடையில் கோப்புகள் கைமாறின. எனக்கும் நெஞ்சு நிறைந்தது. நம் மாவட்டத்துப் பெயரை வெளிநாட்டு முதலாளிகள் வாயால் கேட்பதற்கு நம் அப்பாமார்களுக்குக் கொடுத்துவைக்கவில்லை.

ஆனால் புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது எண்ணத்தைச் சொல்லும் தாள். பணம் இறங்குவது அதற்குப் பிறகு, படிப்படியாக, சில சமயம் இறங்காமலே. வின்ஃபாஸ்டையே எடுத்துக்கொள்ளுங்கள். 2024 ஜனவரியில் அறிவித்தபோது 16,000 கோடி என்றார்கள். அது மொத்த இலக்கு. முதல் கட்டத்துக்கு ஐந்தாண்டுகளில் 50 கோடி டாலர் என்பதுதான் கணக்கு. அவர்கள் சொன்னபடி 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டி ஒன்றரை ஆண்டில் திறந்துவிட்டார்கள், அதைப் பாராட்டத்தான் வேண்டும். 400 ஏக்கர், தொடக்கத்தில் ஆண்டுக்கு 50,000 கார்கள். இத்தனை பெரிய ஆலைக்கே 3,000 முதல் 3,500 பேருக்குத்தான் நேரடி வேலை. 41 ஒப்பந்தத்தில் எது எந்த ஆண்டில் எழும் என்பது மேடையில் என் காதில் விழவில்லை. நம் ஊர்ப் பெயரும் வரவில்லை. இதை நம்பி ஏக்கர் விலையை நாம் எப்படித் தீர்மானிப்பது?

இனி ஊரில் பார்த்தது. இதற்காகத்தான் இந்த மடலே.

கண்மாய்க்கு வடக்கே, பெரியாச்சியின் புஞ்சை ஓரத்தில், புதுக் கல் ஒன்று ஊன்றியிருக்கிறது. சுண்ணாம்பு அடித்து, சிவப்பு மையில் அம்புக்குறியும் ஓர் எண்ணும் போட்டிருக்கிறார்கள். காற்றாலைக்கா, சாலைக்கா, வேறு எதற்கா என்று கேட்டால் அலுவலகத்தில் யாருக்கும் தெரியவில்லை. பெரியாச்சி மடியிலிருந்து ஒரு தாளை எடுத்துக் காட்டினார். நாலாக மடித்து, மடிப்பில் கிழிந்துபோயிருந்தது. பொது அதிகாரப் பத்திரத்தின் நகல். கீழே ஐந்து கட்டைவிரல் ரேகை. "ஆதார் எடுத்துவரச் சொன்னார்கள், பென்ஷனுக்கு என்று நினைத்தேன்" என்றார். ஆச்சியின் விரல் நுனியில் அந்த மை இன்னும் போகவில்லை. மேலத்தெருவில் இன்னும் இரண்டு வீட்டில் இதே ஆள் வந்து போயிருக்கிறார். அந்தப் பத்திரம் பதிவானால், ஆச்சியிடம் ஒரு வார்த்தை கேட்காமல் அந்த ஆள் நிலத்தை விற்கலாம். பத்திரத்தை ரத்து செய்ய மனு எழுதி, மறுநாளே சார்பதிவாளர் அலுவலகத்துக்கு அழைத்துப் போனோம்.

அரசு தொழிலுக்காக நிலம் எடுத்தால் எந்தச் சட்டத்தில் எடுக்கும் என்பதை எல்லாரும் தெரிந்துகொள்ளுங்கள். 1997ஆம் ஆண்டுத் தமிழ்நாடு தொழில் நோக்கங்களுக்கான நிலம் கையகப்படுத்தும் சட்டம். முதலில் அதன் 3(2) பிரிவில் நோட்டீஸ் வரும். நம் ஆட்சேபணையை அந்தக் கட்டத்தில்தான் சொல்ல முடியும். அதன் பிறகு 3(1) அறிவிப்பு அரசிதழில் வந்துவிட்டால் நிலம் அரசுக்குச் சேர்ந்துவிடும். 2013ஆம் ஆண்டு மத்தியச் சட்டத்தில் தனியார் கம்பெனிக்கு எடுப்பதென்றால் 80 விழுக்காடு உரிமையாளர்களின் ஒப்புதல் வேண்டும், சமூகத் தாக்க மதிப்பீடு செய்ய வேண்டும். அவை இரண்டும் இந்த 1997 சட்டத்தின்கீழ் எடுக்கும்போது பொருந்தா. சென்னை உயர் நீதிமன்றம் 2019இல் அந்த விலக்கைச் செல்லாது என்றது. அதை மீட்க மாநிலம் அதே ஆண்டில் வேறு சட்டம் கொண்டுவந்தது. உச்ச நீதிமன்றம் 2021இல் அதை ஏற்றது. இழப்பீடு மட்டும் 2013 சட்டத்தின்படி: சந்தை மதிப்பு, அதற்கு மேல் 100 விழுக்காடு ஆறுதல் தொகை.

அந்த இழப்பீடு யாருக்குப் போகும்? உரிமை யார் பெயரில் இருக்கிறதோ அவருக்கு. நம் ஊரில் எத்தனை பட்டா உயிரோடு இருப்பவர் பெயரில் இருக்கிறது? என் தாத்தா பெயரிலேயே எங்கள் புஞ்சை கிடக்கிறது, கூட்டுப் பட்டாவில், ஆறு பங்காளிகளோடு. உரிமைத் தகராறு இருந்தால் தொகையை நீதிமன்றத்தில் கட்டிவிடுவார்கள். பிறகு நாம் மஸ்கட்டிலிருந்தும் டொரன்டோவிலிருந்தும் வாய்தாவுக்கு வர வேண்டியதுதான். புரோக்கர்கள் இந்தப் பலவீனத்தை முகர்ந்துகொண்டுதான் வருகிறார்கள்.

நான் தொழிற்சாலைக்கு எதிரி அல்ல. மழை பொய்த்த ஆண்டில் கரிமூட்டத்தில் புகை குடித்துப் பிள்ளை வளர்த்த வீட்டுக்காரன் நான். ஆனால் 2018 மே மாதம் ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிரான போராட்டத்தில் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் செத்த மாவட்டம் இது. வருகிற ஆலையிடம் தண்ணீர் எங்கிருந்து எடுக்கிறாய், கழிவை எங்கே விடுகிறாய் என்று கேட்பது நம் பிள்ளைகளுக்கு நாம் செய்யும் கடமை. 2023 டிசம்பர் வெள்ளத்தில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அன்று நம் கண்மாய்க் கரை நின்றது வரத்துக்கால் ஓடையும் மறுகால் ஓடையும் அடைபடாமல் இருந்ததால்தான். அந்த மறுகால் ஓடையிலிருந்து கூப்பிடு தூரத்தில்தான் இப்போது கல் நிற்கிறது.

நிலம் வாங்கும் திட்டத்தில் இன்னொரு பெரிய ஓட்டை இருக்கிறது. அந்நியச் செலாவணி விதிகளின்படி வெளிநாட்டில் வசிக்கும் இந்தியர் விவசாய நிலத்தை விலைக்கு வாங்கவே கூடாது. பரம்பரையாக வருவதை வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான். "ஊரில் இருக்கும் மச்சினன் பெயரில் வாங்கலாம்" என்று மடலில் ஒரு வரி இருந்தது. நம் பணத்தில் இன்னொருவர் பெயரில் வாங்குவதற்குச் சட்டத்தில் பினாமி என்று பெயர். நிலம் பறிமுதலாகும், சிறைத் தண்டனையும் உண்டு. சங்கம் இதில் கால் வைக்கக் கூடாது.

என் கோரிக்கை ஒன்றுதான். 25,000 வேண்டாம், வீட்டுக்கு 5,000 போதும். ஒரு நல்ல வழக்கறிஞர், ஓய்வுபெற்ற நில அளவையர் ஒருவர். வாரிசுச் சான்றிதழ், உட்பிரிவு, பட்டா மாறுதல், வில்லங்கச் சான்று எல்லாவற்றையும் ஒவ்வொரு வீட்டுக்கும் முடித்துத் தருவோம். மீதியில், பத்தாம் வகுப்பு முடித்த பிள்ளைகளை அரசு ஐ.டி.ஐ.யில் சேர்க்க ஆள் போடுவோம். அங்கே கல்விக் கட்டணம் இல்லை, பஸ் பாஸ் இலவசம், மாதம் 750 ரூபாய் உதவித்தொகை. ஆனாலும் விண்ணப்பம் போடும் நாள் தெரியாமல் போன ஆண்டு நம் ஊரில் இரண்டு பையன்கள் கூலிக்குத் திருப்பூர் பஸ் ஏறினார்கள். பத்து மைல் தொலைவில் கார் ஆலை.

அன்புடன்,
மஸ்கட் தம்பி

———

அனுப்புநர்: துபாய், மேலத்தெரு

தம்பி, நீ படித்தவன், சட்டம் பேசுகிறாய். பேசு. ஒட்டப்பிடாரத்தில் பிறந்த வ.உ.சி. 1906இல் சுதேசிக் கப்பல் கம்பெனி தொடங்கியபோதும் இப்படித்தான் சட்டம் பேசியவர்கள் இருந்திருப்பார்கள். 25 ரூபாய்ப் பங்காக 40,000 பங்கு போட்டு, பத்து லட்சம் திரட்டத் துணிந்தார். வெள்ளைக்காரன் கப்பலுக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டார். அந்த மண்ணில் பிறந்துவிட்டு ஒரு ஏக்கர் வாங்க நடுங்குகிறோம்.

நான் ஊருக்குப் போனபோது நாற்கரச் சாலையில் பஸ்ஸை விட்டு இறங்கினேன். பக்கத்து ஊருக்கு வளைவு இருக்கிறது, கம்பெனிக்காரர் பெயர் போட்ட தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. நம் ஊருக்குப் பெயர்ப் பலகையே சாய்ந்து கிடக்கிறது. களத்துமேட்டில் மிளகாய் வத்தல் காயும்போது அந்தச் சிவப்பைப் பார்த்து பஸ்ஸில் போகிறவர்கள் நம் ஊரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட காலம் உனக்கு நினைவிருக்காது.

உன் அப்பா கூட்டுறவுக் கடன் வாங்கியபோது ஜாமீன் கையெழுத்து போட்டது யார் என்று வீட்டில் கேட்டுக்கொள். அன்றைக்கு நான் வில்லங்கம் பார்க்கவில்லை.

———

அனுப்புநர்: சிங்கப்பூர், வடக்குத்தெரு

கொழுந்தனாருக்கும் பெரியவருக்கும்.

5,000 ஆனாலும் 25,000 ஆனாலும் என் கேள்வி ஒன்றுதான். வெள்ள நிவாரணத்துக்கு அனுப்பிய பணத்தின் கணக்கு எங்கே? எத்தனை வீட்டுக்குப் பாய், எத்தனை வீட்டுக்கு அரிசி, ஓடு மாற்றியது யாருக்கு? கொடைக் கணக்கு அம்மன் பெயரைச் சொல்லி மூன்று வருடம் இழுத்தது போல இதையும் இழுக்க விட மாட்டேன். சங்கம் 1975ஆம் ஆண்டுத் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவானது. ஆண்டுதோறும் பொதுக்குழுவில் கணக்கு வைத்து மாவட்டப் பதிவாளரிடம் தாக்கல் செய்ய வேண்டும். லாபத்தை உறுப்பினர்கள் பிரித்துக்கொள்ள அதில் இடமில்லை. அப்படியிருக்க நிலம் வாங்கி விற்று லாபம் என்று எப்படி எழுதினீர்கள்?

இன்னொன்று. நம்மில் இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் சொந்தச் சம்பாத்தியத்தை வங்கி வழியாக அனுப்பினால் அது வெளிநாட்டு நன்கொடை ஆகாது. அமெரிக்கா, கனடா குடியுரிமை வாங்கிவிட்டவர்கள் அனுப்பினால் ஆகும், அதற்கு எஃப்.சி.ஆர்.ஏ. என்கிற வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தில் பதிவு வேண்டும். நம் சங்கத்துக்கு அது இல்லை. இதுவரை யாரிடம் என்ன வாங்கினீர்கள் என்று பொருளாளர் எழுத்தில் தர வேண்டும்.

பெரியாச்சியின் புஞ்சையில்தான் நான் கல்யாணமாகி வந்த வருடம் பருத்தி எடுத்தேன். மடி நிறைந்ததும் ஆச்சி வரப்பில் உட்காரவைத்து கம்பங்கூழ் கொடுத்தார். அந்தக் கைக்கு மை தடவியவன் யார் என்று பெயர் தெரிந்தால் எனக்குத் தனியாக எழுதவும்.

———

அனுப்புநர்: மஸ்கட், கீழத்தெரு

சித்தப்பா, அந்த ஜாமீன் கையெழுத்தை அப்பா சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். எங்கள் வீட்டில் யாரும் மறக்கவில்லை. உங்கள் வார்த்தைக்கு ஊரில் இருக்கும் மதிப்பு எனக்கு இல்லை. அதனால்தான் கேட்கிறேன்: நீங்கள் ஒரு குரல் பதிவு அனுப்புங்கள், யாரும் எந்தத் தாளிலும் கைநாட்டு வைக்க வேண்டாம் என்று. மேலத்தெருவில் உங்கள் குரலைக் கேட்டால் நிற்பார்கள். வளைவு கட்டலாம், அதற்கு நானும் தருகிறேன். வளைவுக்கு உள்ளே ஊர் இருக்க வேண்டும்.

மதினி, ஆளின் பெயரைத் தனியே எழுதியிருக்கிறேன். கணக்கு விஷயத்தில் உங்கள் பக்கம்தான் நான். பட்டா வேலைக்குத் தனி வங்கிக் கணக்கு, இரண்டு கையெழுத்து, அதில் ஒன்று உங்களுடையது. வெள்ள நிதிக் கணக்கை பொருளாளர் இந்தக் குழுவில் வைத்த அன்றே என் 5,000 வரும். குடியுரிமை மாறியவர்கள் பணம் அனுப்ப வேண்டாம். பழைய பத்திரங்கள் பெட்டியில் இருந்தால் படம் எடுத்து அனுப்புங்கள், அதுவே பெரிய உதவி.

கல்லில் இருந்த எண்ணை வருவாய்த்துறையின் நிலப் பதிவேடான அ-பதிவேட்டில் ஒத்துப் பார்க்க, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டாயிற்று. 30 நாளில் பதில் வர வேண்டும். கண்மாய்க்கு வடக்கே புஞ்சை இருப்பவர்கள் சர்வே எண்ணும் பட்டாவில் உள்ள பெயரும் இந்த வெள்ளிக்கிழமைக்குள் எனக்கு அனுப்புங்கள். டொரன்டோ அத்தான் வீட்டாரும், பினாங்கு மாமாவும் இதுவரை ஒன்றும் எழுதவில்லை. உங்கள் நிலம்தான் கல்லுக்கு அடுத்தது.