புரதம் கூடிய கோதுமை ஏன் வருவதில்லை?

புதுவை_பேக்கர்:
முத்தியால்பேட்டையில் சின்ன பேக்கரி வைத்திருக்கிறேன். பகெத் (நீளமான பிரெஞ்சு ரொட்டி) போட 11, 12 சதவீதம் புரதம் உள்ள மாவு வேண்டும். எனக்கு வரும் மைதா பத்தைத் தாண்டுவதில்லை, மூட்டைக்கு மூட்டை மாறுகிறது வேறு. பிசைந்து இழுத்தால் விரிவதற்குள் கிழிந்துவிடுகிறது, அடுப்பில் மேலே எழாமல் பக்கவாட்டில் படர்கிறது. குளூட்டன் பொடி (மாவை இழுபட வைக்கும் கோதுமைப் புரதம்) கலந்து ஓட்டுகிறேன். புரதம் கூடிய ரகம் போட்டால் மகசூல் குறையும் என்கிறார்களே, நிஜமா?

சிதம்பரம்_விதை:
பெரும்பாலும் நிஜம்தான் அண்ணே. ஹெக்டேருக்கு 5 டன் விளைந்து 10% புரதம் என்றால் 500 கிலோ. அதே 5 டன்னில் 12.5% வேண்டுமென்றால் இன்னும் 125 கிலோ, அதற்கே சுமார் 22 கிலோ தழைச்சத்து (நைட்ரஜன், புரதத்துக்கு மூலப்பொருள்) கூடுதலாக மணிக்குள் போக வேண்டும். போதாக்குறைக்கு ஒரு கிராம் குளுக்கோஸில் செடி 0.8 கிராம் மாவுச்சத்து செய்துவிடும், புரதமாக்கினால் 0.4 கிராம்தான் தேறும். அதனால் மகசூலை மட்டும் பார்த்து ரகம் எடுத்துக்கொண்டே போனால் மாவுச்சத்து ஏறி, புரதம் நீர்த்துப்போகும்.

எம்மர் என்ற பழைய கோதுமையின் காட்டு வகையில் ஜிபிசி-பி1 என்று ஒரு மரபணு இருக்கிறது, 2006இல் பிரித்தெடுத்தார்கள். அது இருந்தால் இலை சீக்கிரம் பழுத்து, தழைச்சத்து, துத்தநாகம், இரும்பு எல்லாம் மணிக்கு இறங்கும். ஆனால் இலை முன்கூட்டியே பழுத்தால் மணி முற்றும் நாளும் குறையும் இல்லையா, சில இடங்களில் மணி சிறுத்துவிடுகிறது, சில இடங்களில் மகசூல் அப்படியே நிற்கிறது. அதனால் இப்போது, அதே மகசூலில் மற்றதைவிடக் கொஞ்சம் கூடுதல் புரதம் காட்டும் செடிகளாகப் பார்த்துத் தேர்ந்தெடுக்கிறார்கள்.

விருத்தாசலம்_நெல்:
நம் பக்கம் கோதுமை கிடையாது, நெல்லை வைத்துச் சொல்கிறேன். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17க்கு மேல் போனால் மூட்டையைத் திருப்புவார்கள், புரதம் எவ்வளவு என்று ஒருத்தரும் கேட்டதில்லை. பஞ்சாப்காரனுக்கும் குவிண்டால் கணக்கில்தான் ஆதரவு விலை. ஒரு டன் குறைந்தாலும் பரவாயில்லை, புரதத்தைக் கூட்டு என்றால் எவன் கேட்பான்? பூக்கும் நேரத்தில் யூரியா கொடுத்தாலே புரதம் ஏறுமாம், சரி, அந்தச் செலவு யார் தலையில்?

மில்_லேப்:
புரத எண்ணை மட்டும் நம்பாதீர்கள் சார். பிபிடபிள்யூ 343 மாதிரி ரகங்களில் ரை தானியத்தின் குரோமோசோம் துண்டு ஒன்று உண்டு, துருநோயைத் தாங்குவதற்காகச் சேர்ந்தது, அதனாலேயே மாவு பிசுபிசுக்கும். புதுச் சரக்கு வந்ததும் ஒரு கைப்பிடி மாவைப் பிசைந்து, கொஞ்ச நேரம் ஊறவிட்டு, தண்ணீரில் கழுவுங்கள். மாவுச்சத்து போய் மிஞ்சுவதை இழுத்தால் நீண்டு திரும்ப வேண்டும். கையில் ஒட்டி அறுந்தால் அந்த மூட்டையை பிஸ்கட்டுக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

புதுவை_பேக்கர்:
கழுவிப் பார்க்கிறேன், நன்றி. கூடுதல் விலை கொடுக்கவும் தயார்தான், ஆனால் நான் வாங்கும் நாலைந்து மூட்டைக்காக எந்த மில் தனியாக அரைக்கும்? புதுச்சேரி, கடலூர் பேக்கரிக்காரர்கள் யாராவது இருந்தால் சேர்ந்து ஒரு லோடு கேட்டுப் பார்ப்போமா?