தண்டையல் வீட்டுப் பிள்ளைகள்: ஆச்சியின் 90-க்கு மண்டபம்

சனிக்கிழமை, காலை 7:04

வசந்தி: எல்லோருக்கும் வணக்கம். மண்டபக்காரர் இன்று 5 மணிக்குள் முடிவு சொல்லச் சொல்கிறார். ஏப்ரல் கடைசி ஞாயிறு என்றுதானே கதைத்தோம். முற்பணம் கட்டவா?

மலர்: கட்டு கட்டு

பிரதீபன்: ஓம் சின்னம்மா. வாகனம் விட இடம் இருக்கிறதா? போன முறை காலி வீதியில் விட்டுவிட்டு நடந்தோம்

வசந்தி: 10 வாகனம் விடலாமாம்

பிரதீபன்: நாங்களே 12 வீடு

தர்சினி: அம்மா, முதலில் தம்பியிடம் கேளுங்கள்

வசந்தி: அவனிடம் என்ன கேட்பது? ஆச்சியின் 90. வருவான்.

தர்சினி: குகன், நீயே சொல்

7:31

குகன்: அம்மா, கோபிக்க வேண்டாம். அந்தக் கிழமை இங்கே பஹாமாசின் எக்சூமாத் தீவில் பாய்ப்படகுப் போட்டி. நானும் ஒரு படகுக்காரரோடு போகிறேன் என்று வாக்குக் கொடுத்துவிட்டேன். முடிந்து நசாவுக்குத் திரும்பி, லண்டன் வழியாக வர இரண்டு நாளாவது வேண்டும். ஒரு கிழமை தள்ளி வைக்க முடியாதா?

மலர்: என்ன படகு?

மலர்: இவன் கணக்காளர் வேலைக்குத்தானே போனவன்

வசந்தி: வெள்ளவத்தைக் கடலில் முழங்காலுக்கு மேல் இறங்க விடாமல் வளர்த்த பிள்ளை

ராசன் மாமா: வசந்தி, கொஞ்சம் பொறு. எனக்கு இவன் மாசியிலேயே சொல்லிவிட்டான். இது பொழுதுபோக்கு இல்லை.

வசந்தி: அப்படியென்றால் உங்களுக்குத் தெரியும். எனக்குத்தான் தெரியாது. சரி.

ராசன் மாமா: எழுதுகிறேன், ஆறுதலாக வாசி. பஹாமாசில் 700-க்கு மேல் தீவுகள். ஆட்கள் குடியிருப்பது ஏறக்குறைய 30 தீவுகளில்தான். தலைநகர் நசா இருக்கிற தீவுக்கு வெளியே உள்ளவற்றை முன்பு வெளித்தீவுகள் என்றார்கள், இப்போது குடும்பத் தீவுகள் என்கிறார்கள். வேலைக்கு நசாவுக்கு வந்தவனிடம் கேட்டால், எந்தத் தீவு என் குடும்பம் என்று சொல்வான். கொழும்பில் இருந்துகொண்டு நாங்கள் ஊர் சொல்கிற மாதிரி. 1954-இல் எக்சூமாவின் ஜோர்ஜ் டவுனில் இந்தப் போட்டியைத் தொடங்கினார்கள். அன்று ஓடியவை மீன் பிடிக்கிற, சாமான் ஏற்றுகிற வேலைப் படகுகள். ஒவ்வொரு தீவும் தன் படகோடு வந்தது. இன்றும் ஒவ்வொரு ஏப்ரல் கடைசியிலும் வருகிறார்கள்.

பிரதீபன்: மாமா எப்போதிருந்து தட்டச்சு செய்துகொண்டிருந்தீர்கள்

மலர்: வெள்ளவத்தையில் இரவு 9 மணி வரை தண்ணீர் இல்லையாம். எல்லோரும் பிடித்து வைத்தீர்களா?

தர்சினி: எங்களுக்கு இப்போதே நின்றுவிட்டது

ராசன் மாமா: நான் இன்னும் முடிக்கவில்லை. இதில் ஒரு சட்டம் இருக்கிறது, அதுதான் முக்கியம். படகு மரத்தால் ஆனதாக இருக்க வேண்டும். அந்த நாட்டிலேயே, அந்த நாட்டவர் கட்டியதாக இருக்க வேண்டும். பாய் துணிப்பாயாக இருக்க வேண்டும். எவ்வளவு காசு இருந்தாலும் வெளிநாட்டிலிருந்து ஒரு படகை வாங்கிக்கொண்டு வந்து வெல்ல முடியாது. இந்த ஒரு சட்டத்தால்தான் 70 வருடம் கழித்தும் அங்கே படகு கட்டுகிற மேத்திரிமாருக்கு வேலை இருக்கிறது. எங்களிடம் இப்படி ஒரு சட்டம் போட யாரும் இருக்கவில்லை.

ராசன் மாமா: வல்வெட்டித்துறையில் கட்டிய அன்னபூரணியை அமெரிக்கர் ஒருவர் வாங்கிப் பெயர் மாற்ற, எங்கள் ஊர்க்காரரே அதை ஓட்டிக்கொண்டு 1938-இல் மாசசூசெட்ஸின் குளோஸ்டருக்குப் போய்ச் சேர்ந்தார்கள். பாய்மரக் கப்பல். இன்று இந்தக் குழுவில் 23 பேர். ஒரு பாயைக் கட்டத் தெரிந்தவர் யார்? எனக்குத் தெரியாது. துறைமுகத்தில் 31 வருடம் வேலை செய்தும் தெரியாது.

பிரதீபன்: அன்னபூரணி கதை வருகிறது என்று அம்மாவிடம் அப்போதே சொன்னேன்

சிவா: தண்டையல் அப்புவும் கப்பல் ஓட்டிக்கொண்டு ரங்கூன் வரை போனவர்தானே. அவருடைய திசைகாட்டி இங்கே டொரோண்டோவில் கண்ணாடிப் பெட்டிக்குள் பத்திரமாக இருக்கிறது, பிள்ளைகள் பார்ப்பார்கள்

வசந்தி: பத்திரமாக வைக்கச் சொல்லி யார் கேட்டது?

மலர்: வசந்தி, அம்மா தன் கையால் கொடுத்தது

வசந்தி: ஓம் அக்கா. நாங்கள் எல்லோரும் கோயிலுக்குப் போயிருந்த நேரம்.

தர்சினி: மண்டபம்!!

8:12

குகன்: எல்லாம் வாசித்தேன். ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். போட்டியில் நான் ஏறுவதில்லை. ஏற்றி இறக்குகிற ஆட்களில் ஒருவன். நசாவில் படகைப் பெரிய படகில் ஏற்றிக் கட்ட வேண்டும், அங்கே இறக்க வேண்டும், தண்ணீர் அள்ள வேண்டும், பாய் தூக்க வேண்டும்.

வசந்தி: ஏறவே மாட்டாயா? பாய் தூக்கவா ஆச்சியின் 90-ஐ விடுகிறாய்?

குகன்: பயிற்சியில் ஏறியிருக்கிறேன் அம்மா. போட்டிப் படகுகளில் பெரியது 28 அடி. பாய் படகுக்குப் பொருந்தாத அளவு பெரியது, அதன் அடிக்கம்பு பின்பக்கத்துக்கு வெளியே நீளமாக நீட்டிக்கொண்டு நிற்கும். காற்றுக்குப் படகு சாயும். அதைச் சரிக்கட்ட, காற்று வருகிற பக்கம் கடலுக்கு மேலே ஒரு நீளப் பலகையைத் தள்ளிவிட்டு, ஆட்கள் வரிசையாக அதில் ஏறி இருப்பார்கள். படகு திரும்பும்போது எல்லோரும் ஒரே பாய்ச்சலில் உள்ளே வந்து, பலகையை மறுபக்கம் இழுத்து, அதில் ஏற வேண்டும். பிந்தினால் படகு கவிழும். முதல் நாள் நான் பிந்திவிட்டேன். இடது முழங்கையில் தோல் இல்லை. யாரும் ஏசவில்லை. 82 கிலோ பாரம், இவனை விடாதே என்றார்கள்.

பிரதீபன்: பெரியம்மாவின் பிட்டு வீண்போகவில்லை

மலர்: என் பிட்டில் யாரும் குண்டாகவில்லை

வசந்தி: தோல் போனதை ஏன் சொல்லவில்லை? மருந்து போட்டாயா?

குகன்: காய்ந்துவிட்டது அம்மா

ராசன் மாமா: தொடக்கத்தைச் சொல் தம்பி. நங்கூரத்தைச் சொல்.

குகன்: தொடங்கும்போது எல்லாப் படகும் நங்கூரம் போட்டு, பாயை இறக்கி, ஒரே வரிசையில் நிற்கும். வெடிச்சத்தம் கேட்டதும் ஒருவர் நங்கூரக் கயிற்றைக் கைமாற்றிக் கைமாற்றி இழுக்க, மற்றவர்கள் பாயை ஏற்றுவார்கள். நங்கூரத்தை இழுக்கிற வேகத்திலேயே படகு முன்னுக்குப் பாயும். மோட்டார் இல்லை, ஒரு சத்தமும் இல்லை. பாய்க் கயிறு கப்பியில் சிக்குமோ என்பது ஒன்றுதான் பயம். அந்த ஒரு நிமிடத்தைப் பார்க்கத்தான் போகிறேன்.

ராசன் மாமா: அம்மாவுக்கு இதை முழுக்க வாசித்துக் காட்டினேன். பேசுகிறார், பதிவு போடுகிறேன்.

[குரல் பதிவு 0:52]

தர்சினி: வேலையில் இருக்கிறேன், என்ன சொல்கிறார்?

பிரதீபன்: முதலில் பாய் துணியா, நைலோனா என்று கேட்கிறார். பிறகு, நனைந்த பாயை மடித்து வைக்கக் கூடாதாம், கரும்புள்ளி விழுந்துவிடுமாம். அப்புவின் கப்பல் வந்தால் தானும் தங்கச்சிமாரும் கடற்கரையில் பாயை விரித்து, நான்கு மூலையிலும் கல் வைத்துக் காய வைப்பார்களாம். மழை இருண்டால் பள்ளிக்கூடத்திலிருந்து ஓடி வருவாராம். அவனுக்கு இதையெல்லாம் யாராவது சொல்லிக் கொடுத்தார்களா என்று கேட்கிறார்.

மலர்: அம்மா எங்களிடம் இதைச் சொன்னதே இல்லை

ராசன் மாமா: நாங்கள் கேட்கவில்லை அக்கா

9:40

வசந்தி: மண்டபக்காரரிடம் கேட்டேன். மே முதல் ஞாயிறு காலை மட்டும் இருக்கிறது. மாலை வேறு கலியாணம். மத்தியானச் சாப்பாட்டோடு விட்டுவிட வேண்டும்.

சிவா: நான் ஏப்ரலுக்கு டிக்கெட் எடுத்துவிட்டேனே

மலர்: அவன் பாவம், எவ்வளவு தூரத்திலிருந்து வருகிறான்

வசந்தி: என் பிள்ளை பக்கத்து வீட்டிலிருந்தா வருகிறான்?

ராசன் மாமா: சித்திரா பௌர்ணமிக்கு நான் ஊரில் நிற்பேன். அம்மன் கோயில் தீர்த்தம், இரவு இந்திர விழா. அந்த ஞாயிறு என்றால் முதல் நாளே திரும்பி வரப் பார்க்கிறேன். உறுதி இல்லை.

பிரதீபன்: அப்போ ஏப்ரலா மேயா?

தர்சினி: சிவா அண்ணா, டிக்கெட்டை மாற்றினால் எவ்வளவு அதிகம் வரும்?

சிவா: பார்த்துச் சொல்கிறேன்

மலர்: சிவா, வரும்போது திசைகாட்டியையும் கொண்டு வா. அம்மா ஒருமுறை கையில் வைத்துப் பார்க்கட்டும்.

வசந்தி: 👍

பிரதீபன்: கேக் முட்டை இல்லாமல் தானே?

மலர்: அது ஆச்சிக்கு ஒன்று தனியாக. மற்றது சாதாரண கேக்

4:38

வசந்தி: மண்டபக்காரர் எடுக்கிறார். நான் என்ன சொல்ல?

தர்சினி: இரண்டு நாளையும் திங்கள் வரை பிடித்து வைக்கச் சொல்லுங்கள்

வசந்தி: சம்மதித்துவிட்டார். திங்களுக்கு மேல் ஒரு நாளும் பொறுக்க மாட்டாராம்.

வசந்தி: குகன், பலகையில் ஏறினால் நீந்தத் தெரிந்த ஆளுக்குப் பக்கத்தில் இரு.

குகன்: சரி அம்மா. ராசன் மாமா, ஆச்சியிடம் ஒன்று கேட்க வேண்டும். உப்புத் தண்ணீர் பட்ட பாயை நல்ல தண்ணீரில் அலசிவிட்டா காய வைப்பது, அப்படியேவா?

ராசன் மாமா: நித்திரை கொள்கிறார். எழும்பியதும் கேட்கிறேன்.

மலர்: தண்ணீர் வந்துவிட்டது. சிவப்பாக வருகிறது, கொஞ்ச நேரம் திறந்து விடுங்கள்